இளைத்துக்கொண்டே போன சர்வேயர்

செத்துப்போன ஒருவருக்கு இடுப்பு குறைந்துகொண்டே வருகிறது என்பதை அந்த ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் டெய்லரம்மாதான். டாக்டர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

டெய்லரம்மா புதுத்துணி தைக்க மாட்டார். கடைவீதியில் மருந்துக்கடைக்கும் பூட்டிக்கிடக்கிற தட்டச்சுப் பள்ளிக்கும் நடுவில் அவர் கடை. ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். பெரிதாக இருப்பதைப் பிடித்துக் கொடுப்பார், சிறிதாகிப் போனதைப் பிரித்து விடுவார். ஊரில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள், எந்த வீட்டில் அண்ணன் பேன்ட் தம்பிக்கு இறங்கியது என்கிற விவரமெல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். இந்த உத்தியோகத்தோடு துப்பறியும் நாவல் படிக்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டால் மனுஷி சும்மா இருக்க முடியுமா? கூட்டுறவுச் சங்கத்தின் சுவர்க் கடிகாரம் காணாமல் போனபோது, செயலாளரின் கோட்டுப் பை உள்ளேயிருந்து கிழிந்திருந்த விதத்தைப் பார்த்து மூன்று முள்ளும் எங்கே குத்தியிருக்கும் என்று காட்டி, எடுத்தவர் செயலாளர்தான் என்று சொன்னவர் அவர். அதிலிருந்து ஊர் அவரை இன்ஸ்பெக்டர் என்றது. பாதிப் பேர் மரியாதையாகவும் மீதிப் பேர் வேறு மாதிரியாகவும் சொன்னார்கள். இரண்டையும் அவர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் தொழிலில் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஆளின் உடம்பில் டேப் வைத்து அளவெடுக்க மாட்டார். டேப்பைப் பார்த்ததும் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள், உடம்பு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. துணியை வீட்டிலேயே போட்டுப் பார்த்து, எவ்வளவு பிடிக்க வேண்டுமோ அங்கே குண்டூசி குத்திக் கொண்டுவர வேண்டும். அடுத்தது, குத்திய இடத்துக்கு உள்ளே இன்னும் ஒரு விரல் கூடுதலாகப் பிடித்துத்தான் தைப்பார். இரண்டு முறை துவைத்தால் துணி தளர்ந்து சரியாகிவிடும் என்பார். ஆனால் மிஞ்சுகிற துணியை வெட்டமாட்டார், உள்ளே மடித்து வைத்துவிடுவார். நாளைக்கே மனுஷன் பெருத்தால்?

சர்வேயர் வீட்டம்மா முதல் தடவை ஒரு பழுப்பு நிற பேன்ட்டோடு வந்தபோது டெய்லரம்மா ஒன்றும் நினைக்கவில்லை. சர்வேயர் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாருக்காவது கொடுப்பதற்காக இருக்கும். இடுப்பில் குண்டூசி குத்தியிருந்தது. பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அதே பேன்ட் மறுபடியும் வந்தது, கூடவே இரண்டு சட்டை. புதிதாகக் குண்டூசி குத்தி, போன தடவை தைத்த இடத்துக்கும் உள்ளே. அதற்கடுத்து மறுபடியும். டெய்லரம்மா பேன்ட்டைப் புரட்டிப் பார்த்தார். முழங்கால் இரண்டும் உப்பியிருந்தன. உட்காரும் இடம் பளபளத்தது. சட்டைக் காலரில் கழுத்து உரசிய கோடு புதிதாக இருந்தது. அலமாரியில் தொங்குகிற துணிக்கு முழங்கால் உப்பாது.

பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவருடைய நாத்தனார். கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் டீ டம்ளரோடு வந்து கட்டிங் மேஜையில் சாய்ந்துகொள்வாள். அண்ணி துப்பறிவதை ஊரில் யாரைவிடவும் அதிகமாகக் கிண்டல் செய்பவள் அவள்தான். யாரைவிடவும் அதிகமாகத் தகவல் கொண்டுவருபவளும் அவள்தான்.

"செத்தவரு டயட்ல இருக்காரோ என்னமோ அண்ணி," என்றாள்.

"சிரிக்காதே. இங்க பாரு." டெய்லரம்மா பேன்ட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். பின்பைகள் இரண்டும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டிருந்தன. "இன்னும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் பிடிக்க முடியும். அதுக்கப்புறம் இந்த இடுப்புக்குள்ள ஒரு ஆள் இருக்கவே முடியாது. அந்த வீட்ல யாரோ கரைஞ்சுக்கிட்டே இருக்காங்க. யாருன்னு தெரியல. ஆனா அதுக்குத் துணி பிடிச்சுக் குடுக்கிறது நான்."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

விசாரணை தொடங்கியது. சர்வேயரின் தம்பி அண்ணன் துணிகளைப் போட்டுக்கொள்கிறாரோ என்பது முதல் சந்தேகம். அது நிற்கவில்லை. சாவுக்கு வந்த இடத்தில் அந்தத் தம்பி உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி காலைப் பரப்பிக்கொண்டு போனதை ஊரே பார்த்திருக்கிறது. அந்த அம்மாவே போட்டுக்கொள்கிறாரோ என்றால், அவர் நல்ல கனத்த சரீரம், அந்த பேன்ட்டில் அவருடைய ஒரு கைகூட நிம்மதியாக நுழையாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், வீட்டுக்குள் யாரையோ அடைத்து வைத்துப் பட்டினி போடுகிறார்கள். நாவல்களில் இந்த இடத்தில் துப்பறிபவருக்கு உற்சாகம் பொங்கும். டெய்லரம்மா அந்த பேன்ட்டைக் கொஞ்ச நேரம் மிஷினை விட்டுத் தள்ளி வைத்தார்.

கேஸ் சிலிண்டர் போடுகிறவரின் வாயைப் பிடுங்கினாள் நாத்தனார். அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, ஒரு நாள் சாயங்காலம் ஜன்னல் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், வணக்கம் சார் என்றேன், அவர் கையைத் தூக்கினார் என்றார். முகம்? ஜன்னல் திரை பாதி மூடியிருந்ததால் முகம் தெரியவில்லை. கை? கேஸ்காரர் இதற்குக் கொஞ்சம் யோசித்தார். சட்டைக் கை தூக்கியது நன்றாகத் தெரிந்தது, அதற்கு மேல் ஞாபகம் இல்லை என்றார். அன்று முதல் அந்த வீட்டு சிலிண்டரை வாசல் கேட்டருகே உருட்டிவிட்டு, ஒரு விசில் அடித்துவிட்டு, வண்டியை நிறுத்தாமலே போய்விடுகிறார். இதைத் தொழில் முறையில் செய்த மாற்றம் என்று அவர் சொல்லிக்கொண்டார்.

அந்தத் தடவை துணியை வாங்கிப்போக டெய்லரம்மா ஆள் வரக் காத்திருக்கவில்லை. வெயில் இறங்குகிற நேரத்தில் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். துணைக்கு வரட்டுமா என்று நாத்தனார் கேட்டாள், கேட்கும்போதே அவள் கால் மருந்துக்கடைப் பக்கம் திரும்பியிருந்தது.

சர்வேயர் வீட்டின் பக்கச் சுவர் நடுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது. பூச்செடி வைக்கக்கூட இடமில்லாமல் வீட்டை உரசிக்கொண்டு போனது. டெய்லரம்மா அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அந்த அம்மா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்த ஒரு அடி கேட்டார், இவர் ஒன்றரை அடி கொடுத்துவிட்டார். ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்த மனுஷன், தன் நிலத்துக்கு அளவுச் சங்கிலி பிடித்ததே இல்லை. பஸ்ஸில் ஒருவர் நெருக்கினால் இவர் எழுந்தே நின்றுவிடுவார். செருப்பு கடித்தால் என் கால்தான் பெரிசு என்பார்.

கூடத்தில் இரண்டு மர நாற்காலிகள் இருந்தன. சுவரில் அளவுச் சங்கிலி ஒரு ஆணியில் தொங்கியது. வீடு துடைத்து வைத்தது போல் இருந்தது. யாரையும் அடைத்து வைத்த வாடை இல்லை. சமையலறையிலிருந்து டீ கொதிக்கும் வாசனைதான் வந்தது.

"உக்காரும்மா," என்றார் அந்த அம்மா. டெய்லரம்மா ஜன்னலோரத்து நாற்காலியைத் தொட்டதும், "அது வேணாம், இதுல உக்காரு," என்று மற்றதை இழுத்துப் போட்டார். துணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கட்டிலில் துணியை விரித்துப் போடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"நீ இன்னைக்கி வந்தது ஒரு வகையில நல்லதுதான். நீயே பார்த்துச் சொல்லு. கொஞ்ச நேரம் ஆகும். பொத்தான் போட அவருக்கு நேரம் எடுக்கும்."

டெய்லரம்மா யாருக்கு என்று கேட்க வாயைத் திறந்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எடை இறங்குகிற சத்தமாக இல்லை, எடை எழுந்திருக்கிற சத்தமாக இருந்தது. பேன்ட் கொக்கி மாட்டும் சின்ன உலோகச் சத்தம் வந்தது. பிறகு கதவு திறந்தது.

சட்டையும் பேன்ட்டும் நடந்து வந்தன.

அவர் கத்தவில்லை. பிற்பாடு இதற்காக அவர் தன்னை மெச்சிக்கொண்டதுண்டு, ஆனால் உண்மையில் கத்த வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது, அவ்வளவுதான். கண்ணுக்கு மட்டும் பழகிய வேலை பழகிய மாதிரி நடந்தது. தோள் தையல் தோளில் உட்கார்ந்திருந்தது. காலருக்கு மேலே ஒன்றும் இல்லை, எதிர்ச்சுவரின் சங்கிலி தெரிந்தது. கை முடிகிற இடத்தில் இருட்டாக ஒரு வட்டம். பேன்ட்டின் கால் விளிம்பு தரைக்கு மேலே செருப்பு உயரத்தில் நின்று நின்று வந்தது. ஜன்னலோரத்து நாற்காலியில் அது உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் உப்பின. சட்டைப்பை மெல்ல ஏறியது, இறங்கியது.

அந்த அம்மா டீயை மூன்று டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவதை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "டெய்லரம்மா வந்திருக்காங்க," என்றார் நாற்காலியைப் பார்த்து. சட்டைக் கை ஒன்று எழுந்து வணக்கம் சொல்கிற மாதிரி மடங்கியது. அதோடு, வந்தவருக்குக் கால் நீட்ட இடம் போதவில்லை என்று நினைத்தோ என்னவோ, நாற்காலி தானாகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து கொடுத்தது.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொன்னார், பேன்ட் நிக்க மாட்டேங்குது, பிடிச்சு வாங்கிட்டு வான்னு. எனக்கு அங்கயும் இங்கயும் ஓடவே நேரம் சரியாப் போச்சு. போனதுக்கப்புறம் மனசு கேக்கல. சொன்னதைச் செஞ்சுடலாம்னு உங்கிட்ட குடுத்து வாங்கிட்டு வந்து கட்டில்ல போட்டேன். அன்னைக்கி சாயங்காலமே போட்டுக்கிட்டார்." அந்த அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "இப்ப என்னடான்னா தேய்ஞ்சுக்கிட்டே போறார். துணி நிக்கிற வரைக்கும்தான் அவர் இருக்கார்னு எனக்குத் தெரியும். அது நழுவிக் கீழ விழுந்துடுச்சுன்னா அவ்வளவுதான். அதான் ஓடி ஓடி வரேன்."

ஆக, பட்டினி போட்டவரும் இல்லை, அடைபட்டவரும் இல்லை. கரைந்துகொண்டிருந்தவர் ஏற்கெனவே செத்தவர். இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டுமா என்று டெய்லரம்மாவுக்குத் தெரியவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சட்டையையே பார்த்தார்.

உட்கார்ந்தபோது அது இறுக்கமாக இருந்தது. நிச்சயமாக இருந்தது, வயிற்றுப் பக்கம் பொத்தானுக்குப் பொத்தான் துணி இழுத்துக்கொண்டு கோடு விழுந்திருந்தது. அவருடைய ஒரு விரல் கூடுதல் வேலை அது. இப்போது அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. துணி சமமானது. பிறகு மெதுவாக ஒரு மடிப்பு விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. டீயில் ஆடை படிவதற்குள் அந்தச் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. கண்முன்னால் ஒரு மனுஷன் சத்தமில்லாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

"பார்த்தியா, மறுபடியும்," என்று அந்த அம்மா அழாத குறையாகச் சொல்லிக்கொண்டு குண்டூசி டப்பாவைத் திறந்தார்.

டெய்லரம்மா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்காலிக்கு அவ்வளவு அருகில் போனது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்திலிருந்து இஸ்திரி போட்ட துணியின் சூடு வந்தது.

"ஊசியைக் கீழ வைங்கம்மா."

"ஏன்?"

"சார் இளைக்கல. இடம் விடறார்."

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. டெய்லரம்மாவுக்கும் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. துணி இறுக்கினால் இவர் துணியைக் குறை சொல்கிற ஆளில்லை, தன்னைக் குறைத்துக்கொள்கிற ஆள். அதிலும் கேட்டதைவிட ஒரு பிடி கூடவே விட்டுக்கொடுப்பார். உடனே துணி தொளதொளக்கும். அதைப் பார்த்து இந்த அம்மா குண்டூசி குத்துவார், அதற்கும் உள்ளே ஒரு விரல் கூட்டித் தைத்துக் கொடுக்க ஒரு மகராசி கடைவீதியில் உட்கார்ந்திருக்கிறாள். படித்த நாவல்களையெல்லாம் டெய்லரம்மா மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். குற்றவாளி துப்பறிபவரின் தையல் மிஷினாக இருந்த கதை ஒன்றும் அகப்படவில்லை.

எல்லாத் துணியையும் கொடுங்கள், உள்ளே மடித்து வைத்ததை முழுக்கப் பிரித்து விடுகிறேன் என்றார். அந்த அம்மா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அவ்வளவு பெருசாப் பண்ணி, அது இடுப்புல நிக்காம விழுந்துடுச்சுன்னா?"

"விழலாம்."

"விழுந்தா அவர் போயிடுவார். நீ தப்பா நினைச்சிருந்தா?"

செயலாளர்தான் கடிகாரத் திருடன் என்று டெய்லரம்மா சொன்னபோது தப்பாகியிருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். "பிடிச்சுக்கிட்டே போனா எப்படியும் போயிடுவார்ம்மா. இன்னும் ஒரு தடவைக்கு மேல அந்தத் துணி தாங்காது. நாமளே அவரை வெளிய தள்ளிக்கிட்டு இருக்கோம்."

இரண்டு பெண்களும் நாற்காலியைப் பார்த்தார்கள். அபிப்பிராயம் கேட்டிருந்தால் உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருக்கும். அந்த அம்மாவும் அதையே நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் திடீரென்று கோபம் வந்த மாதிரி, "இவர்கிட்ட கேட்டு ஒரு நாளாவது ஒரு பதில் வந்திருக்கா," என்று எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

மறுநாள் முழுக்க டெய்லரம்மா கடையில் தையல் பிரித்துக்கொண்டிருந்தார். தான் போட்ட நூல் ஒவ்வொன்றையும் தானே அறுத்தார். அவருடைய நேர்த்தியான, கெட்டியான தையல், பிரிக்க நகம் வலித்தது. இடுப்புப் பட்டி அகன்று, பின்பைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. கடையில் வாங்கின காலத்துத் தையலையும் விடவில்லை. அதையும் பிரித்து, அதற்கு உள்ளே கிடந்த துணியையும் வெளியே விட்டார். உயிரோடு இருந்தபோதுகூட சர்வேயர் அவ்வளவு இடத்தில் இருந்ததில்லை. நாத்தனார் எட்டிப் பார்த்து, கேஸ் என்னாச்சு, யார் அது என்று நச்சரித்தாள். இன்னும் முடியவில்லை என்றார். முதல் தடவையாக அண்ணி ஒரு விஷயத்தை மென்று முழுங்குவதைப் பார்த்து நாத்தனாருக்கே பயம் வந்துவிட்டது.

சாயங்காலம் மறுபடி அந்தக் கூடம், சாத்திய கதவு, கட்டில் சத்தம். இந்தத் தடவை கொக்கிச் சத்தம் வந்த பிறகும் கதவு திறக்கவில்லை. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே துணி சரசரத்தது, நின்றது, மறுபடி சரசரத்தது.

கதவு திறந்தபோது பேன்ட் இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. சட்டைக் கை ஒன்று அதைக் கொத்தாகப் பிடித்து ஏற்றிக்கொண்டே வந்தது. சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி ஒரு பக்கம் சரிந்து, காலர் தோளிலேயே நிற்காமல் வழிந்தது. நாலு எட்டு வைக்கிற தூரத்தைக் கடக்க அவ்வளவு நேரம் ஆனது. வழியில் ஒரு முறை எல்லாமே மடங்கிக் கீழே குவியப் பார்த்தது. அந்த அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. துணி நின்றது. தட்டுத்தடுமாறி நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சட்டைப்பை ஏறி இறங்குகிறதா என்று இருவரும் பார்த்தார்கள், இருட்டில் தெரியவில்லை. விளக்கைப் போட ஒருவருக்கும் கை வரவில்லை.

டெய்லரம்மா நாற்காலிப் பக்கம் குனிந்தார். "சார்," என்றார். "தாராளமா உக்காருங்க. துணி நெறைய இருக்கு. யாருக்கும் இடைஞ்சல் இல்ல."

நாற்காலி ஒரு முறை முனகியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. காலர் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது போலவும் இருந்தது, இறங்காதது போலவும் இருந்தது. கடைசியில் அந்த அம்மா, "நீ போயிட்டு வாம்மா," என்றார். போ என்கிற மாதிரிதான் அது கேட்டது.

அதற்குப் பிறகு அந்த அம்மா கடைப் பக்கம் வரவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. டெய்லரம்மா யாருக்கும் கூடுதலாக ஒரு விரல் பிடிக்கவில்லை. குண்டூசி குத்திய இடத்திலேயே தைத்தார். சிலர் தளர்வாக இருக்கிறதென்று திருப்பிக் கொண்டுவந்தார்கள், அவர் வாக்குவாதம் செய்யாமல் வாங்கி வைத்துக்கொண்டார். பாதி படித்த நாவல் மிஷினுக்கு அடியில் கிடந்தது. கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரு அறையில் உட்காரவைத்து இவர்தான் என்று கை நீட்டுவார்கள், அவருக்கு அதைப் படிக்கத் தைரியம் வரவில்லை. சர்வேயர் வீட்டுத் தெருவில் போகாமல் சுற்றிப் போனார். கேஸ்காரரை வழியில் பார்த்தால் ஏதாவது கேட்கத் தோன்றும். கேட்காமல் வந்துவிடுவார்.

ஒரு மத்தியானம் நாத்தனார் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் ஒரு நிழல் விழுந்தது. சர்வேயர் வீட்டம்மா. கையில் மடித்த வெள்ளைச் சட்டை. டெய்லரம்மா அதை வாங்கவில்லை. அந்த அம்மா தானே மேஜையில் விரித்தார்.

குண்டூசி ஒன்றும் குத்தியிருக்கவில்லை. வயிற்றுக்கு நேரான பொத்தான் இல்லை. அது இருந்த இடத்தில் துணி சுற்றிலும் பிய்ந்து, நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. டெய்லரம்மா அந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். கத்தரித்த நூல் இப்படி முனை பிரியாது. உள்ளேயிருந்து தெறித்த நூல்.

"உக்காரும்போது போயிடுச்சும்மா," என்றார் அந்த அம்மா. அவர் முகத்தில் நன்றியெல்லாம் இல்லை, வீட்டு வேலை கூடிப்போன பெண்பிள்ளையின் அலுப்புத்தான் இருந்தது. "எங்க போய் விழுந்துச்சுன்னே தெரியல. ரெண்டு பேருமாக் குனிஞ்சு தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கல."

நாத்தனார் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். "எந்த ரெண்டு பேரு?"

டெய்லரம்மா பொத்தான் டப்பாவைத் துழாவினார். ஒன்றை எடுத்து, சட்டையின் மற்ற பொத்தான்களோடு ஒட்டிவைத்துப் பார்த்து, போதாது என்று வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தடிமனான ஒன்றை எடுத்தார். நூலை இரண்டு இழையாகக் கோத்தார்.

"பக்கத்துலயும் கொஞ்சம் துணி வச்சுத் தரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா யோசித்தார். "வேணாம். அவர்கிட்ட சொல்லி வைக்கிறேன், கொஞ்சம் நடக்கச் சொல்லி."

"எங்கே?" என்றார் டெய்லரம்மா, ஊசி பாதி வழியில் நிற்க.

"தெருவிலதான். வீட்டுக்குள்ள எங்க இடம் இருக்கு?"